மைனஸ் 22இல் லொக் ஸ்பிளிட்டர் ஹோஸ் ஒழுகுது: இறுக்கினால் காணுமோ, மாத்த வேணுமோ?

கவார்த்தா_விறகு

வணக்கம். 27 டன் எண்டு ஸ்டிக்கர் ஒட்டின பெற்றோல் ஸ்பிளிட்டர், எண்ணெய் அழுத்தத்திலை ஆப்பைத் தள்ளி விறகு பிளக்கிற மெசின். நாலரை அங்குல சிலிண்டர், 2 அங்குலத் தண்டு, 24 அங்குல ஓட்டம், நிமிசத்துக்கு 13 கலன் தள்ளுற இரண்டு கட்டப் பம்ப். இடம் ஒன்ராறியோ, கவார்த்தா ஏரிப் பக்கம். இந்தக் கிழமை விடியக்காலையில் மைனஸ் 22. ஆஷ் மரக்கட்டை உறைஞ்சு கிடக்கேக்கை சுகமாப் பிளக்கும் எண்டதாலை வசந்தம் வரைக்கும் தள்ளிப்போட விருப்பமில்லை.

பம்பிலை இருந்து வால்வுக்குப் போற அரை அங்குல ஹோஸ், வால்வுப் பக்கத்து முனையில் ஒழுகுது. முடிச்சு விழுந்த கட்டையில் ஆப்பு இறுகேக்கை பனிப்புகார் மாதிரி மெல்லிசா எண்ணெய் அடிக்குது. எஞ்சினை நிப்பாட்டின பிறகும் கீழே சொட்டுப் போடுது, பத்துச் செக்கனுக்கு ஒண்டு. நட்டை அரைச் சுத்து இறுக்கிப் பார்த்தால் கூடிப்போச்சு. கழட்டி, குழாய் மரைக்குச் சுத்துற வெள்ளை ரேப் நாலு சுத்துச் சுத்திப் பூட்டினதும் அரை மணித்தியாலம் பிடிச்சுது, பிறகு பழையபடி. காலையில் ஓடத் தொடங்கேக்கை பம்பில் கரகரச் சத்தமும் இருக்கு. ஹைட்ராலிக் எண்ணெய் ஏ.டபிள்யூ. 46.

இன்னும் இறுக்கலாமோ? பழுதான துண்டை வெட்டிப்போட்டு நடுவிலை கிளிப் வைச்சு இணைக்கலாமோ? இந்தக் குளிருக்கு இந்த எண்ணெய் சரியோ?

---

ஸ்பேனர்செட்

தம்பி, முதல் அந்தப் புகார் அடிக்கிற இடத்துக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோகாதேங்கோ. கையுறை போட்டிருந்தாலும் கூடாது. ஆப்பு இறுகேக்கை உந்த ஹோஸுக்குள்ளை 2,500 முதல் 3,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம் நிக்கும். 100 பி.எஸ்.ஐ. காணும், ஊசித்துளையாலை வாற எண்ணெய் தோலைத் துளைச்சு உள்ளை போக. வெளியிலை பார்த்தால் ஒரு முள்ளுக் குத்தினது போலத்தான் தெரியும், முதல் ஒண்டு ரெண்டு மணித்தியாலம் நோவும் பெரிசா இராது. அதை நம்பிப் படுத்தால் விரலோ கையோ போகலாம். அப்பிடி நடந்தால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவு. வாசலிலேயே "உயர் அழுத்த எண்ணெய் தோலுக்குள்ளை ஏறிட்டுது" எண்டு சொல்ல வேணும். இல்லையெண்டால் சின்னக் காயம் எண்டு வரிசையிலை இருத்திவிடுவினம்.

இனி உங்கடை கதைக்கு வருவம். எனக்கு இது ரெண்டு ஒழுக்குப் போலத் தெரியுது. எஞ்சின் நிண்டால் அழுத்த ஹோஸிலை அழுத்தமே இல்லை. அந்த முனை தாங்கியின்ரை எண்ணெய் மட்டத்துக்கு மேலை இருக்குது. கொஞ்ச நேரம் வழிஞ்சு நிண்டுவிட வேணும். நிக்காமல் பத்துச் செக்கனுக்கு ஒரு சொட்டு எண்டால், தாங்கி மட்டத்துக்குக் கீழை இருக்கிற ஒண்டுதான் சொட்டுது. அது பெரும்பாலும் பம்புக்குப் போற ஒரு அங்குல உறிஞ்சு ஹோஸ். கரகரச் சத்தமும் அதோடை பொருந்துது: நிக்கேக்கை எண்ணெய் வெளியிலை வரும், ஓடேக்கை அதே இடைவெளியாலை காத்து உள்ளை போகும். ஓடேக்கை சொட்டு நிக்கிறதாலை அந்த இடத்தை ஒருத்தரும் சந்தேகப்படுறதில்லை.

எண்ணெய் சொட்டுற இடத்தைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. ஹோஸ் வழியே ஓடி, ஆகப் பதிவான இடத்திலை வந்துதான் சொட்டும். வால்வின்ரை லிவர்ப் பக்கத்து ஓ-ரிங் (றப்பர் வளையம்) கசிஞ்சாலும் ஹோஸ் நட்டிலைதான் ஈரம் தெரியும். ஆனபடியால்:

எஞ்சின் நல்லா ஆறின பிறகு, வால்வு, ரெண்டு முனை, பம்ப், உறிஞ்சு ஹோஸ் எல்லாத்தையும் பிரேக் கிளீனர் அடிச்சுத் துடையுங்கோ. அது நெருப்புப் பிடிக்கிற சாமான், முழுக்கக் காயவிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ண வேணும். காய்ஞ்ச இடத்திலை குழந்தைப் பவுடரைத் தூவுங்கோ. சின்ன வேகத்திலை ஐஞ்சு பத்து நிமிசம் ஓடவிட்டு, கட்டை வைக்காமல் ஆப்பை ரெண்டு தரம் போய்வர விடுங்கோ. பிறகு ஒராள் லிவரைப் பிடிச்சு, ஓட்டத்தின்ரை கடைசியிலை ரெண்டு மூண்டு செக்கன் மட்டும் அழுத்தட்டும். மற்றாள் தள்ளி நிண்டு, நீளத் தடியிலை கட்டின வெள்ளைக் காட்போட்டை ஒவ்வொரு முனைக்குக் கிட்டவும் காட்ட வேணும். பவுடரிலை முதல் ஈரக்கோடு எங்கை வருதோ, காட்போட்டிலை எங்கை புள்ளி விழுதோ, அதுதான் இடம். நட்டுக்குள்ளையா, நட்டுக்கும் வால்வுக்கும் நடுவிலையா, ஹோஸ் றப்பர் இரும்புக் கவசத்துக்குள்ளை நுழையிற விளிம்பிலையா எண்டு பார்த்துச் சொல்லுங்கோ. மூண்டுக்கும் வைத்தியம் வேறை.

அதுவரைக்கும் இறுக்காதேங்கோ.

---

வால்வு_பிளாக்

வெள்ளை டேப் சுத்துனதாச் சொன்னீங்களே, அதைப் பத்திக் கொஞ்சம். எந்த வகை ஃபிட்டிங்னு தெரியாம டேப் சுத்துறதுதான் இந்த வேலையில நடக்குற முதல் தப்பு.

அரை அங்குல ஹோஸ்ல உங்களுக்கு வரக்கூடியது மூணு வகை. முதல்ல என்.பி.டி., அதாவது கூம்பா ஒடுங்குற மரை. வெளி மரையை வெர்னியர்ல அளந்தா 21 மில்லிமீட்டர் சுமாருக்கு வரும், அங்குலத்துக்கு 14 மரை. இது மரையிலேயே அடைக்குறது. ரெண்டாவது ஜே.ஐ.சி. மரை நேரா இருக்கும், 19 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 16 மரை, முனையில 37 பாகைக் கூம்பு. அடைக்குறது அந்தக் கூம்பு, மரை வெறும் பிடிமானம். மூணாவது ஓ-ரிங் பாஸ். மரை ஜே.ஐ.சி. மாதிரியே அதே 19 மில்லிமீட்டர், அதே 16. ஆனா கூம்பு கிடையாது, அடியில ஒரு ஓ-ரிங் உட்கார்ந்திருக்கும். ரெண்டும் ஒரே மரைங்குறதால ஒண்ணை இன்னொண்ணுல மாட்டிடலாம், நல்லாவும் திருகும். ஆனா ஒழுகிட்டேதான் இருக்கும்.

டேப்போ பசையோ என்.பி.டி.க்கு மட்டும்தான். ஹைட்ராலிக்ல அங்கயும் டேப் வேண்டாம்னு சொல்வேன். மரையில அறுந்த துணுக்கு உள்ள போய் வால்வு ஸ்பூல்ல (லிவரோட நகருற உள் தண்டு) சிக்கும், இல்ல அழுத்தம் மிஞ்சினாத் திறக்குற ரிலீஃப் வால்வு சீட்ல உட்காரும். அப்புறம் ஆப்பு பாதியில நிக்குதுன்னு இன்னொரு கேள்வி போடுவீங்க. லாக்டைட் 545 மாதிரி ஹைட்ராலிக்குக்குன்னே இருக்குற பசை போடுங்க. முனையில முதல் ரெண்டு மரையை விட்டுட்டு அதுக்கு அப்புறம் தடவணும். அது காத்து படாத இடத்துல இறுகுற பசை, குளிர்ல இறுக ரொம்ப நேரம் எடுக்கும். மைனஸ் 20ல தடவிட்டு உடனே ஓட்டினா பிதுங்கி வெளிய வந்துடும். சூடான இடத்துல வச்சுப் பூட்டி ஒரு நாள் விடுங்க.

என்.பி.டி.யைக் கையால முட்டுற வரைக்கும் திருகிட்டு, ஸ்பேனர்ல ரெண்டு, மிஞ்சினா மூணு சுத்து. எல்போ (வளைஞ்ச முனை) திசை சரியா வரலைன்னு பின்னால கால் சுத்து திருப்பினா அங்கயே ஒழுக்கு ஆரம்பிச்சுடும். முன்னால மட்டும்தான் திருப்பணும்.

ஜே.ஐ.சி.யில அரைச் சுத்து இறுக்கினேன், கூடிடுச்சுன்னா கூம்பு நசுங்கியிருக்கும், இல்ல நட்டு விரிஞ்சிருக்கும். கழட்டி டேப்பை முழுக்கச் சுரண்டி எடுத்துட்டு, கூம்பை வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க. சுத்திவர ஒரே அகலத்துல பளபளன்னு ஒரு வளையம் இருந்தா நல்லது. வளையம் ஒரு பக்கம் அறுந்திருந்தாலோ, குறுக்கால கீறல் இருந்தாலோ அந்த அடாப்டரை மாத்தணும். கீறலுக்குச் செம்புக் கூம்பு வாஷர்னு ஒண்ணு கடையில கிடைக்கும், சீசன் முடியுற வரைக்கும் தள்ளலாம். நசுங்கின கூம்புக்கு அது உதவாது.

ஜே.ஐ.சி. இறுக்குற முறை இதுதான்: கையால திருகு, ஸ்பேனர்ல லேசாத் திருகி எதிர்ப்பு வர்ற இடத்துல நிறுத்து. நட்டுலயும் அடாப்டர் அறுகோணத்துலயும் சேர்த்து மார்க்கர்ல ஒரு கோடு. அங்கிருந்து நட்டு ஒரு முகம் (ஆறு பக்கத்துல ஒரு பக்கம்) நகரணும், கூடிப்போனா ஒன்றரை முகம். அவ்வளவுதான். இந்த சைஸுக்கு நட்டு 7/8 அங்குல ஸ்பேனர். அடாப்டரை இன்னொரு ஸ்பேனர்ல பிடிச்சுக்கணும், இல்லன்னா வால்வு உடம்புல இருக்குற மரை சேர்ந்து சுத்தி அங்க ஒழுக ஆரம்பிக்கும்.

ஹோஸை வெட்டி கிளிப் போட்டு இணைக்குறது அழுத்தப் பக்கத்துல நடக்காத காரியம். ஸ்க்ரூ கிளிப் எதுவும் 3,000 பி.எஸ்.ஐ. தாங்காது. வீட்டுத் தண்ணிக் குழாய் நிப்பிளும் அப்படித்தான், பார்க்க ஒரே மரை, ஆனா அது 150 வகுப்புச் சரக்கு. பக்கத்துல நிக்குற ஆளை நினைச்சுக்கோங்க.

---

கவார்த்தா_விறகு

நன்றி ரெண்டு பேருக்கும். துடைச்சுப் பவுடர் போட்டுப் பார்த்தன். அழுத்தப் பக்கம்: ஹோஸ் றப்பர் இரும்புக் கவசத்துக்குள்ளை போற விளிம்பிலை ஈரம். நட்டு காய்ஞ்சுதான் கிடக்குது. ஹோஸ் அந்த இடத்திலை உடனை வளைஞ்சு கீழ போகுது, வளைவிலை முடி மாதிரி வெடிப்புகள். எழுத்து 100ஆர்2, 1/2, 3500 பி.எஸ்.ஐ. ஃபிட்டிங் ஜே.ஐ.சி., கூம்பிலை கீறல் இல்லை. வெளியிலை இருந்த ரேப் முழுக்க எடுத்தாச்சு.

ஸ்பேனர்செட் அண்ணை சொன்னதும் சரி. பம்ப் பக்கத்து உறிஞ்சு ஹோஸ் கிளிப்புக்குக் கீழை ஒரு சொட்டு தொங்குது. தாங்கி மூடியைத் திறந்தால் எண்ணெய் மேலே பால் தேத்தண்ணி நிறத்திலை நுரை.

---

ஸ்பேனர்செட்

கவச விளிம்பிலை ஈரம் எண்டால் கதை முடிஞ்சுது, ஹோஸ் மாத்த வேணும். உள் றப்பர்க் குழாய் கிரிம்ப்புக்குள்ளை, கவசத்தை நசுக்கிப் பூட்டின இடத்திலை, வெடிச்சிட்டுது. எண்ணெய் கம்பிப் பின்னலுக்குள்ளாலை ஊர்ந்து விளிம்பிலை வெளிய வருது. எவ்வளவு இறுக்கினாலும், மேலை எப்பொக்சி பூசினாலும் நிக்காது. ஒருநாள் ஹோஸ் கவசத்தை விட்டுக் கழண்டு பறக்கும்.

குளிர் மட்டும் காரணமில்லை. சாதாரண ஆர்2 (ரெட்டைக் கம்பிப் பின்னல்) ஹோஸ் மைனஸ் 40 வரைக்கும் எண்டுதான் செய்யிறாங்கள். பழைய றப்பர் இறுகிப்போய், இறுகின இடமே வளைஞ்சு, அந்த வளைவு ஒவ்வொரு அடிக்கும் துடிக்கிறதாலைதான் வெடிக்குது. அரை அங்குல ஆர்2இன்ரை ஆகக் குறைஞ்ச வளைவு ஆரை 7 அங்குலம். கவசத்திலை இருந்து வெளிய வந்தவுடனை வளையக் கூடாது, குறைஞ்சது ஹோஸ் தடிப்பின்ரை ஒன்றரை மடங்கு நேரே வந்துதான் வளைய வேணும். உங்கடையில் இடமில்லை எண்டால் பழைய ஹோஸ் மாதிரியே இன்னொண்டு வாங்கிப் பூட்டாதேங்கோ, அதுவும் அங்கைதான் வெடிக்கும். வால்வுப் பக்கத்துக்கு 90 பாகை எல்போ போட்ட, நட்டுச் சுழலுற முனை கேளுங்கோ. நீளமும் ரெண்டு மூண்டு அங்குலம் கூட்டுங்கோ. அழுத்தம் ஏறேக்கை ஹோஸ் கொஞ்சம் சுருங்கும், இழுவையிலை பூட்டின ஹோஸ் தன்னைத்தானே கவசத்தாலை பிடுங்கும்.

கடைக்குப் பழைய ஹோஸைக் கொண்டுபோங்கோ. சொல்ல வேண்டியது: அரை அங்குலம், ஆர்2, வேலை அழுத்தம் 3,500க்குக் குறையாமல், ரெண்டு முனையும் அரை அங்குல ஜே.ஐ.சி. பெண் முனை (உள் மரையுள்ள, சுழலுற நட்டு), ஒண்டு நேர், ஒண்டு 90. நீளம் சொல்லேக்கை கூம்பு அமரும் இடத்திலை இருந்து மற்றக் கூம்பு அமரும் இடம் வரைக்கும். பிரின்சஸ் ஆட்டோ போன்ற கடையளிலை தயார் நீளத்திலை தொங்கிறதை எடுக்கலாம், ஆனால் ரெண்டு முனையும் நேராத்தான் இருக்கும், எல்போ அடாப்டர் தனியா வேணும். ஒற்றைப் பின்னல் ஆர்1 எண்டு மலிவாத் தந்தால் வேண்டாம் எண்டு சொல்லுங்கோ, அரை அங்குலத்திலை அது 2,000 பி.எஸ்.ஐ. மட்டும்தான்.

மாத்திற நாள்:

மெசினைப் படுக்கை நிலைக்குக் கொண்டுவாங்கோ. நிமிர்த்தி வைச்சபடி ஹோஸைக் கழட்டினால் ஆப்புத் தன் பாரத்திலை இறங்கும். சிலிண்டரை முழுக்கப் பின்னுக்கு இழுத்து, எஞ்சினை நிப்பாட்டி, பிளக் வயரைக் கழட்டுங்கோ. பிறகு லிவரை ரெண்டு பக்கமும் நாலைஞ்சு தரம் ஆட்டுங்கோ, உள்ளை நிக்கிற அழுத்தம் போகும்.

தாங்கியை வடிக்கத் தேவையில்லை. கடை வேக்கியூம், உந்தக் கராஜ் குப்பை உறிஞ்சியை, எண்ணெய் விடுற வாயிலை வைச்சு ஈரத்துணியாலை இடைவெளியை அடைச்சு ஓடவிட்டால் தாங்கிக்குள்ளை மெல்லிய வெற்றிடம் நிக்கும், கழட்டின முனையாலை எண்ணெய் கொட்டாது. குழாய் எண்ணெயைத் தொடக் கூடாது, மேல் வாயிலைதான் நிக்க வேணும். இதே கையோடை உறிஞ்சு ஹோஸையும் மாத்திவிடலாம். உதவிக்கு ஒராள் வேணும், வேக்கியூம் நிண்டால் தாங்கி முழுக்க உங்கடை சப்பாத்துக்கு மேலை.

அடியிலை அகலத் தட்டு வையுங்கோ. தவறிப் பனியிலை ஊத்துப்பட்டால் அந்தப் பனியை உடனை சவளாலை அள்ளி வாளியிலை போடுங்கோ. உருகினால் மண்ணுக்குள்ளை போயிடும். வாளியை நகரசபையின்ரை ஆபத்தான கழிவு சேகரிக்கிற இடத்திலை குடுக்கலாம்.

புது ஹோஸைப் பூட்ட முதல் ஒரு இரவு வீட்டுக்குள்ளை வைச்சிருங்கோ. மைனஸ் 20இல் கிடந்த ஹோஸை வளைச்சுப் பூட்டிறது பிறந்தவுடனேயே முறிக்கிறது போல. உள்ளை வெட்டுத் தூசி இருக்கும், காத்தடிச்சுத் துப்புரவாக்குங்கோ. ரெண்டு முனையையும் கையாலை திருகிப்போட்டு, ஹோஸிலை நீளவாக்கில் அச்சடிச்ச கோட்டைப் பாருங்கோ. அது முறுக்காமல் நேரே ஓட வேணும். பிறகுதான் ஸ்பேனர், மேலே சொன்னபடி ஒரு முகம்.

எண்ணெய் மட்டம் பார்க்கிறது சிலிண்டர் முழுக்கப் பின்னுக்கு வந்த நிலையிலை. உங்கடை 2 அங்குலத் தண்டு, 24 அங்குல ஓட்டம் எண்டால் நீட்டி வைச்சிருக்கேக்கை தாங்கியிலை 1.2 லீற்றர் குறைவாத் தெரியும். அந்த நேரம் பார்த்து ஊத்தினால், பின்னுக்கு இழுக்கேக்கை மூச்சு மூடியாலை அவ்வளவும் வெளிய வரும்.

---

குளிர்ப்பெட்டி

உறிஞ்சு பக்கத்தையும் எண்ணெயையும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

கிளிப்பை இறுக்கிப் பார்க்கலாம், ஆனால் ஹோஸ் றப்பர் நகத்தால் அழுத்தினால் பதியாத அளவு இறுகியிருந்தால் பயனில்லை. குளிரில் றப்பர் சுருங்கும், உலோக முனையும் சுருங்கும், பழைய றப்பர் மட்டும் மறுபடி விரிந்து பிடிக்காது. ஒரு அங்குல உறிஞ்சு ஹோஸ் வாங்கும்போது உள்ளே சுருள் கம்பி உள்ள ஆர்4 வகை என்று கேளுங்கள். ஹீட்டர் ஹோஸ் போட்டால் குளிர்ந்த தடித்த எண்ணெயை பம்ப் இழுக்கும்போது உறிஞ்சுகுழல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முனைக்கும் இரண்டு கிளிப், திருகுகள் எதிரெதிர்ப் பக்கமாக. காற்று புகும் இடத்தில் உறுதி வேண்டுமானால், ஓடும்போது அந்த மூட்டைச் சுற்றித் தடிப்பாக கிரீஸ் அப்புங்கள். சத்தம் மாறினால் அதுதான் இடம். எஞ்சினையும் பம்பையும் இணைத்துச் சுழலும் கப்ளிங்குக்கு அருகில் கையை விட வேண்டாம்.

பால் நிறம் காற்றா தண்ணீரா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் எடுத்து வீட்டுக்குள் சூட்டில் வையுங்கள். காற்றென்றால் ஒரு மணி நேரத்துக்குள் அடியிலிருந்து மேலாகத் தெளிந்து வரும். மறுநாளும் கலங்கலாகவே இருந்தால் தண்ணீர். சந்தேகம் இருந்தால் வெளியில் வைத்துச் சூடாக்கிய தட்டில் ஒரே ஒரு துளி விடுங்கள். தண்ணீர் கலந்த எண்ணெய் சடசடவென்று வெடிக்கும், சுத்தமானது அமைதியாகப் புகையும்.

தண்ணீர் தாங்கிக்குள் பெரும்பாலும் மூச்சு மூடி வழியாகத்தான் வருகிறது. பாதி வெறுமையான தாங்கி, பகலில் சூடேறி இரவில் குளிர்ந்தால் ஈரக் காற்றை இழுத்து உள்சுவரில் நீராக்கும். எண்ணெயை விடக் கனம் என்பதால் அடியில் தங்கும், மைனஸில் உறைந்து உறிஞ்சு வடிகட்டியை அடைக்கும். காலையில் மட்டும் கரகரத்து, அரை மணி நேரத்தில் சத்தம் போனால் இதையும் சந்தேகியுங்கள். தாங்கியை ஒரு நாள் முழுக்கச் சூட்டில் வைத்து, அசைக்காமல் வடிதிருகைத் திறந்தால் முதலில் தண்ணீர் வரும்.

46 இந்த இடத்துக்குத் தடிப்பு. அந்த எண் 40 பாகையில் எண்ணெயின் பிசுக்கு. மைனஸ் 20க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத அளவு தடித்துவிடும். பம்ப் எஞ்சினோடு நேரடியாகப் பூட்டியது, கிளச் கிடையாது. கயிறு இழுக்கும்போது நீங்கள் அந்தத் தேனையும் சேர்த்துத்தான் சுழற்றுகிறீர்கள். குளிர்காலத்துக்கு 32 வாங்குங்கள். சாதாரண 32ஐ விட, குளிரில் குறைவாகத் தடிக்கும் பன்னிலை 32 கிடைத்தால் நல்லது. பல ஸ்பிளிட்டர்க் கையேடுகளில் டெக்ஸ்ரான் 3 வகை, தானியங்கிக் கியர்ப்பெட்டிக்கான (ஏ.டி.எஃப்.) எண்ணெயும் அனுமதிக்கப்பட்டிருக்கிறது, குளிரில் நன்றாக ஓடும். கையேட்டில் இல்லாமல் ஊற்ற வேண்டாம்.

மாற்றும்போது ஒரு கணக்கு: சிலிண்டரைப் பின்னுக்கு இழுத்துத் தாங்கியை வடித்தாலும், தண்டுப் பக்கத்தில் சுமார் 5 லீற்றர் பழைய எண்ணெய் நிற்கும். தண்ணீர் கலந்ததென்றால் ஒருமுறை மாற்றி, கொஞ்சம் ஓட்டி, இன்னொருமுறை மாற்ற வேண்டும். 46லிருந்து 32க்குத் தாவுவது மட்டும் என்றால் அந்த 5 லீற்றர் கலப்பதால் கெடுதல் இல்லை.

---

மரத்தூள்77

இவ்வளவு கஷ்டம் ஏன்? தாங்கிக்கு அடியிலை புரோபேன் டோர்ச் பிடிச்சால் பத்து நிமிசத்திலை எண்ணெய் தண்ணி மாதிரி ஓடும்.

---

குளிர்ப்பெட்டி

கசியும் எண்ணெய், பக்கத்தில் பெற்றோல் தாங்கி, நடுவில் தீ. வேண்டாம். அடித்தகட்டில் ஒட்டிய எண்ணெய் கருகும், மேலே உள்ளது குளிராகவே இருக்கும். இரும்புத் தாங்கியென்றால் 200 அல்லது 300 வாட் காந்த ஹீட்டரை அடிப்பக்கத்தில் ஒட்டி ஒன்றிரண்டு மணி நேரம் விட்டால் போதும். வெளிப்புற வயர், தரைக்கசிவுப் பாதுகாப்புள்ள சொக்கெட். கராஜுக்குள் தள்ளிவைப்பதும் நல்லதுதான், ஆனால் அங்கே பைலட் சுடர் உள்ள தண்ணீர்ச் சூடாக்கி இருந்தால் பெற்றோலோடு உள்ளே கொண்டுபோகாதீர்கள்.

சூடாக்கினாலும் தொடக்கம் மெதுவாகத்தான் இருக்க வேண்டும். லிவர் நடுவில், குறைந்த வேகத்தில் ஐந்து முதல் பத்து நிமிடம். பிறகு கட்டையில்லாமல் எட்டுப் பத்து முறை போய்வர விடுங்கள், முனையில் முட்டும் முன் லிவரை விடுங்கள். தாங்கியைத் தொட்டால் பனிக்குளிர் போயிருக்க வேண்டும், அதன்பிறகே முழு வேகம். குளிர்ந்த எண்ணெயை முழு வேகத்தில் தள்ளினால், எண்ணெய் தாங்கிக்குத் திரும்பும் வழியில் உள்ள வடிகட்டியில் அழுத்தம் ஏறும். வடிகட்டித் தகரம் உப்புவதும் அதன் றப்பர் வளையம் பிதுங்குவதும் அதனால்தான்.

---

வால்வு_பிளாக்

ஒரு சின்ன விஷயம், ஸ்டிக்கரைப் பத்தி. நாலரை அங்குல சிலிண்டர்ல பரப்பு 15.9 சதுர அங்குலம். 3,000 பி.எஸ்.ஐ.க்கு 47,700 பவுண்டு, 24 டன்னுக்குக் கொஞ்சம் கீழ. 27 வரணும்னா 3,400 வேணும். அந்த நம்பரை எட்ட யாராவது ரிலீஃப் ஸ்க்ரூவை உள்ள திருகியிருந்தா, ஹோஸ் எழுதின அளவுக்குப் பக்கத்துலயே தினமும் வேலை செய்யுது. புது ஹோஸ் போடும்போது 5,000 பி.எஸ்.ஐ. வரை காட்டுற அழுத்தக் கேஜ் ஒண்ணு மாட்டி ரிலீஃப் எங்க திறக்குதுன்னு பாருங்க. உங்க பம்ப்புக்குச் சொன்ன அளவு 3,000ன்னா அங்க விடுங்க. ஸ்டிக்கருக்காகத் திருகாதீங்க.

---

கவார்த்தா_விறகு

ஹோஸ் ரெண்டும் மாத்தியாச்சு. வால்வுப் பக்கத்துக்கு 90 எல்போ, நீளம் 3 அங்குலம் கூட. உறிஞ்சுப் பக்கம் ஆர்4, முனைக்கு ரெண்டு கிளிப். கேஜ் 2,900 காட்டுது. போத்தில் எண்ணெய் முக்கால் மணித்தியாலத்திலை தெளிஞ்சிட்டுது, ஆனபடியால் காத்துத்தான். பன்னிலை 32 ஊத்தியாச்சு. கரகரச் சத்தம் இல்லை, நட்டு ரெண்டும் காய்ஞ்சிருக்கு.

ஆனால் இப்ப திரும்பு வழி வடிகட்டி அடியிலை லேசா ஈரம். தகரம் கொஞ்சம் உப்பின மாதிரியும் தெரியுது. வளையத்தை மட்டும் மாத்தலாமோ?

---

ஸ்பேனர்செட்

உப்பினதைத் திரும்பப் பூட்ட வேண்டாம் தம்பி, முழு வடிகட்டியையும் மாத்துங்கோ. ரேப் துணுக்கு உள்ளை போயிருந்தால் அதிலைதான் நிண்டிருக்கும், வெட்டிப் பாருங்கோ, மடிப்புக்குள்ளை வெள்ளை நூல் மாதிரிக் கிடக்கும். கனக்க இருந்தால் வால்வு ஸ்பூலையும் ஒருக்கா இழுத்துப் பார்க்க வேணும். வடிகட்டித் தலையிலை பைபாஸ் (வடிகட்டி அடைச்சால் எண்ணெயைச் சுத்திவிடுற வால்வு) இருக்குதோ எண்டும் பாருங்கோ, 25 பி.எஸ்.ஐ. எண்டு எழுதியிருக்கும். இல்லாத தலை எண்டால் அதையும் சேர்த்து மாத்துங்கோ. புது வடிகட்டி வளையத்திலை கொஞ்சம் எண்ணெய் பூசி, தொட்ட பிறகு கையாலை முக்கால் சுத்து. ஸ்பேனர் வேண்டாம்.